ரோடு சைக்கிள் மண்பாதைக்கு வருமா? டயரைச் சுற்றி இருக்கும் இடைவெளிதான் கணக்கு

கடலூரில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து விழாவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "என் ரோடு பைக்கைக் கொஞ்சம் மாத்தி, கேப்பர் மலைப் பக்கம் மண்ணுல ஓட்டலாம்னு இருக்கேன்" என்றேன். "ஆர்.சி. புக்குல ஏத்தணுமேடா, ஆர்.டி.ஓ. பிடிச்சா ஃபைன் போடுவான்" என்றார் சித்தப்பா. நான் சொன்னது சைக்கிளை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போவது மோட்டார் வண்டியைப் பற்றி இல்லை. மெல்லிய டயர், எடை குறைந்த உடம்பு, கெடாக் கொம்பு போல முன்னே போய்க் கீழே வளையும் ஹேண்டில்பார். ஞாயிறு விடியலில் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வரிசையாகப் போவார்களே, அந்த வண்டி. ரோடு சைக்கிள் என்றே அழைப்போம்.

சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடமும் ஒரு ரோடு சைக்கிள் இருக்கிறது. "முன்னாடி ஒரு ஷாக் அப்சார்பர், ரெண்டு முள்ளு டயர். மாட்டினா மவுண்டன் பைக். அவ்ளோதானே அண்ணே?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் காசைத் தொலைத்தேன். ஷாக் அப்சார்பர், முள் டயர் இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரங்கள். வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. டயருக்குள் இருக்கும் காற்று.

மலை சைக்கிள் எந்த வயிற்றில் பிறந்தது

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் என்ற பகுதியில் டமல்பாயஸ் என்றொரு மலை. 1970களில் அங்கே சில இளைஞர்கள் மண்பாதையில் சைக்கிளை உருட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள். இவர்கள் ரோடு சைக்கிள் பந்தயம் ஓட்டிப் பழகியவர்கள். நல்ல ரோடு சைக்கிள் கைவசம் இருந்தது. ஆனாலும் மண்பாதைக்கு அதை எடுக்கவில்லை. 1930, 40களில் வந்த கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் ஷாக் அப்சார்பர் கிடையாது. கியரும் கிடையாது. எடையைக் கேட்டால் இரும்புக்கடைக்காரர்தான் சந்தோஷப்படுவார். ஆனால் டயர் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம்.

1976 அக்டோபரில் அவர்கள் நடத்த ஆரம்பித்த இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி வந்தாலே பின்சக்கர பிரேக்கின் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலைதான் பெயராயிற்று. மறு ஆண்டே ஜோ பிரீஸ் இதற்கென்று புதிதாகச் சைக்கிள் சட்டம், அதாவது ஃபிரேம், செய்தார். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய மலை சைக்கிள். ஷாக் அப்சார்பர் அதில் ஒட்டிக்கொண்டது ரொம்பப் பிற்பாடு.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பால்காரரும் மீன்காரரும் ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிளின் டயரைப் பாருங்கள். 28 × 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ. இன்றைக்கு 'கிராவல்' என்று பெயர் வைத்து, மண்சாலைக்கென்று தனியாக விற்கிற டயரின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான். பாகூர் ஏரிக்கரையில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர் யாரும் தன் வண்டியை கிராவல் பைக் என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எடையைத் தாங்குவது காற்று

கடலூர் சில்வர் பீச்சில் குதிகால் உயர்ந்த செருப்போடு நடந்தால் என்ன ஆகும்? குதி மணலில் சொருகிக்கொள்ளும். செருப்பைக் கழற்றினால் அதே ஆள், அதே எடை, புதைவது குறைகிறது. எடை பரவும் இடம் பெரிதாகிவிட்டது. சைக்கிள் டயரும் தரையில் ஒரு காலடி வைக்கிறது. ஒவ்வொரு நொடியும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இடத்தைத் 'தொடுபரப்பு' என்போம்.

அது எவ்வளவு பெரியது? கணக்கு எளிது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். பின்சக்கரத்தில் அதிகம் இறங்கும், சுமார் 48 கிலோ. ரோடு சைக்கிள் டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று அடைக்கிறோம். பி.எஸ்.ஐ. என்பது காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபட்டிருக்கிறது என்பதன் அளவு. 100 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர செ.மீ. இடத்தில் 7 கிலோ எடையைத் தாங்கும். 48ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 சதுர செ.மீ. ஒரு ரூபாய் நாணயம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. அந்த இத்துனூண்டு இடத்தில்தான் பின்பாரம் மொத்தமும் நிற்கிறது. காற்றை 40 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் அதே எடைக்கு 17 சதுர செ.மீ. கிடைக்கும். காலடி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். (டயரின் உடம்பும் கொஞ்சம் தாங்கும். அதை விட்டுவிடுவோம்.)

தார் ரோட்டில் சின்னக் காலடி போதும். மண்ணில் அது சொருகும், பிடி விட்டுப் போகும். இன்னொன்றும் இருக்கிறது. கல்லாகக் காற்றடித்த டயர் ஒரு சரளைக் கல்லின் மேல் ஏறினால், டயர் நசுங்காது. அதனால் வண்டியும் ஆளும் சேர்ந்து அந்தக் கல்லின் உயரத்துக்குத் தூக்கப்பட்டு இறங்க வேண்டும். ஆயிரம் கல் என்றால் ஆயிரம் தடவை. அந்தத் தூக்குகூலியை உங்கள் கால்தான் கொடுக்கிறது. காற்று குறைந்த அகல டயர், கல்லை விழுங்கிக்கொண்டு போகும். மரப்பலகையில் படுப்பதற்கும் கயிற்றுக் கட்டிலில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சைக்கிள் கடைகளில் நல்ல காற்றுக்கு ஒரே அளவுகோல்தான். கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. "கல்லு மாதிரி அடிச்சிருக்கேன் தம்பி" என்பார்கள் பெருமையாக. மண்பாதைக்கு அது நேர் எதிர்.

சரி, அப்படியானால் இருக்கிற 25 மி.மீ. டயரிலேயே காற்றைக் குறைத்துவிடலாமே? இதைத்தான் நான் செய்தேன். ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடம் ஒன்றில், பல் ஆடும் அளவுக்கு அதிர்கிறதே என்று இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். அரைக் கிலோமீட்டர் சுகமாகப் போயிற்று. அப்புறம் முட்டை அளவில் ஒரு கல். டங்கென்று சத்தம். டயர் முழுசாக நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. பாம்பு கொத்தியது போல இருப்பதால் இதைப் 'பாம்புக்கடி' என்கிறார்கள். ஒல்லி டயரில் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்குவதற்குத் தூரம் போதாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பொம்மையார்பாளையம் வந்து சேர்ந்தேன். அங்கே பஞ்சர் ஒட்டிவிட்டார்கள். ஆனால் கடைப் பம்பின் வாய் என் டியூப் வால்வில் நுழையவில்லை. ரோடு சைக்கிளில் வருவது பென்சில் போல மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடையில் இருப்பதோ பழைய சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்குமான பம்பு. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் பையில் இருந்திருந்தால் போதும். அன்றிலிருந்து இருக்கிறது.

இதுவரை சொன்னது: மண்ணில் காற்றழுத்தம் குறைய வேண்டும். அழுத்தம் குறைய வேண்டுமானால் டயர் அகலமாக வேண்டும். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

டயரின் விலாவில் ஓர் எண்

அகல டயர் வாங்கப் போனால் கடையில் 700, 28, 29, 27.5 என்று ஆளுக்கொரு எண் சொல்லிக் குழப்புவார்கள். அதையெல்லாம் காதில் வாங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல ஓர் எண் அச்சாகி இருக்கும். முதலாவது டயரின் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம். இரண்டுமே மி.மீ. கணக்கு. இரண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் உங்கள் ரிம்மில் ஏறும். ஒரு மி.மீ.கூட விட்டுக்கொடுக்காது. பால்காரர் சைக்கிளின் எண் 635. ரோடு சைக்கிள் 622. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அந்த 28 அங்குல டயரை இதில் மாட்ட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், '29 அங்குலம்' என்று விற்கும் மலை சைக்கிளின் எண்ணும் 622தான். அதாவது ரோடு சைக்கிளும் பெரிய சக்கர மலை சைக்கிளும் ரிம் அளவில் அண்ணன் தம்பி. டயர் குண்டாக இருப்பதால் ஒன்று பெரிதாகத் தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை சைக்கிள் டயரையே வாங்கி மாட்டிவிடலாம் போலிருக்கிறதே! அவசரப்பட்டு 35 மி.மீ. டயர் இரண்டை வரவழைத்தேன். ரிம்மில் அழகாக ஏறியது. சக்கரம்தான் வண்டியில் ஏறவில்லை.

ஆலன் கீ நுழைகிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படித்தால் போதும் என்றால், இது.

சக்கரம் சுழலும்போது சட்டத்தின் மூன்று இடங்களுக்கு நடுவே நுழைந்து வருகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, அதாவது ஃபோர்க். பின்னால், பெடல் அச்சுக்குப் பக்கத்தில் சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் இரண்டு குழாய்கள். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வகை என்றால், டயருக்கு மேலே வளைந்து நிற்கும் அந்த பிரேக்கின் அடிப்பகுதி. டயருக்கும் இவற்றுக்கும் நடுவே உள்ள இடத்தைத்தான் 'இடைவெளி' என்கிறேன். டயரை மாற்றலாம், ரிம்மை மாற்றலாம், பிரேக்கைக்கூட மாற்றலாம். சட்டத்தைச் செய்தபோது விட்ட இடைவெளியை யாரும் கூட்ட முடியாது.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் ஆலன் கீ (போல்ட் முடுக்கும் L வடிவ ஆறுமுகச் சாவி) செட் இருக்கும், அதில் 4, 5, 6 மி.மீ. கீக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். இடம், வலம், மேலே, மூன்று பக்கமும். புது டயர் மாட்டிய பிறகும் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். மண்ணுக்கு 6 இருந்தால் நிம்மதி. உதாரணமாக 25 மி.மீ. டயரோடு பக்கத்துக்கு 8 மி.மீ. இடம் இருந்தால், 32 மி.மீ. டயர் போட்ட பிறகு பக்கத்துக்கு நாலரை நிற்கும். போதும், ஆனால் தாராளம் இல்லை.

ஏன் இவ்வளவு கறார்? ஐப்பசி கார்த்திகையில் கேப்பர் மலை முந்திரித்தோப்புத் தடத்தில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். நனைந்த செம்மண் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு, சட்டத்தில் உரசி உரசிக் கடைசியில் சக்கரமே நின்றுவிடும். வெயில் காலத்திலும் தப்பிவிடலாம் என்று சொல்ல முடியாது. டயரில் ஒட்டிக்கொண்ட ஒரு சரளை, சுழலும்போது குழாயைச் சீவிக்கொண்டே போகும். கார்பன் சட்டமாக இருந்தால் அந்தக் கீறல் விலை உயர்ந்த கீறல்.

பொதுவாக, ரிம்மைப் பிடிக்கும் சின்ன பிரேக் உள்ள ரோடு சைக்கிளில் 28 மி.மீ. வரைதான் நுழையும். சிலவற்றில் 30. டிஸ்க் பிரேக் உள்ள சமீபத்திய வண்டிகளில் 32, 35 வரை போகலாம், சிலவற்றில் அதற்கு மேலும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இன்னொரு சலுகை உண்டு. பிரேக் ரிம்மைத் தொடாததால், 584 அளவுள்ள சின்னச் சக்கரத்தை மாட்டி அதில் குண்டு டயர் போடலாம். கணக்குப் பாருங்கள்: 622 ரிம்மில் 28 டயர் என்றால் மொத்த உயரம் 678 மி.மீ. 584 ரிம்மில் 47 டயர் போட்டாலும் அதே 678. உயரம் மாறவில்லை, காற்று மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல். பக்கவாட்டில் அந்த 47க்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும் மறுபடி ஆலன் கீயோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்குழாய்கள் மூக்கை அறுத்துவிடும்.

முள் டயரும் கேஜ் வீலும்

முள் டயர் என்றால் மேற்பரப்பில் கட்டை கட்டையாக ரப்பர் நீட்டிக்கொண்டிருப்பது. நடவுக்கு முன் சேற்றுழவு ஓட்டும்போது டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். சேற்றில் அது ராஜா. அதோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் பாழ், டிராக்டரும் குதிக்கும், ஊரே திட்டும். முள் டயரும் அந்த ஜாதிதான். மெத்தென்ற ஈரமண்ணில் அந்தக் கட்டைகள் உள்ளே போய்ப் பிடிக்கும். தரை கெட்டியாக இருந்தால் போய்ப் பிடிக்க இடமே இல்லை.

நம் பக்கத்துத் தரை எப்படி? ஆரோவில் பக்கமும் கேப்பர் மலையும் பெரும்பாலும் இறுகிய செம்மண், மேலே சரளை தூவியது போல. மணற்கல் அடித்தளம். நிலவியல்காரர்கள் இந்தப் பாறைக்கே 'கடலூர் மணற்கல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பதும் இதில்தான். வருஷத்தில் எட்டு மாதம் இந்தத் தரை காய்ந்து கிடக்கிறது. இதற்கு நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் சின்னக் கட்டைகளும் உள்ள டயர் போதும். முரட்டு முள் தேவையில்லை. வீட்டிலிருந்து மண்பாதை வரைக்கும் தார் ரோட்டில்தானே போகப்போகிறீர்கள்? முள் டயரோடு அந்தப் பத்துக் கிலோமீட்டர் தேனீக் கூட்டம் துரத்துவது போல ரீங்காரம் கேட்டுக்கொண்டே வரும்.

கடற்கரை மணலைப் பற்றியும் கேட்பார்கள். உலர்ந்த மணலில் 40 மி.மீ. டயரும் புதையும். அதற்கென்று நாலு அங்குல டயர் சைக்கிள் தனியாக இருக்கிறது. அலை நனைத்த ஓரமணலில் ஓட்டலாம், அழகாகவும் இருக்கும், அடுத்த வாரம் செயினைப் பார்த்தால் அழுகை வரும்.

ஷாக் அப்சார்பர் ஆசை

இனித் தம்பியின் முதல் ஆசைக்கு வருவோம். ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க்கை ரோடு சைக்கிளில் மாட்டினால் என்ன?

ஏணியைச் சுவரில் சாய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரோடு திரும்புகிற அச்சும் ஓர் ஏணி போலச் சாய்ந்துதான் இருக்கிறது. தரையோடு அது செய்யும் கோணத்தைத் 'தலைக்கோணம்' என்போம். ரோடு சைக்கிளில் சுமார் 73 பாகை. செங்குத்தான ஏணி. தொட்டால் திரும்பும், தார் ரோட்டில் அதுதான் வேண்டும். இன்றைய மலை சைக்கிளில் 64 முதல் 67. நன்றாகச் சாய்ந்த ஏணி. முன்சக்கரம் உங்களை விட்டுத் தள்ளி நிற்பதால், செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் குறையும்.

ரோடு சைக்கிளின் ஃபோர்க் உயரம் சுமார் 37 செ.மீ. 29 அங்குல மலை சைக்கிளின் ஷாக் அப்சார்பர் ஃபோர்க் சுமார் 50 செ.மீ. மாட்டினால் வண்டியின் முன்பக்கம் கிட்டத்தட்ட 13 செ.மீ. தூக்கிக்கொள்ளும். 2 செ.மீ. தூக்கினால் ஏறத்தாழ ஒரு பாகை சாயும் என்பது கணக்கு. 73 என்பது 67க்கு வந்து நிற்கும்.

"அப்ப மலை சைக்கிள் கோணம் வந்துடுச்சே அண்ணே!" என்றான் தம்பி. கெட்டிக்காரன். ஆனால் ஏணி மட்டுமா சாய்ந்தது, வீடே சாய்ந்துவிட்டதே. சீட் கம்பியும் அதே 6 பாகை பின்னால் சாயும். பெடலுக்கு வெகு பின்னே, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மிதிப்பது போல ஆகும். ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். நீண்ட ஃபோர்க் ஒரு கடப்பாரை போல, ஒவ்வொரு குழியிலும் சட்டத்தின் கழுத்தை நெம்பும். அந்தக் கழுத்து 37 செ.மீ. கம்பிக்காகச் செய்தது. இத்தனை நெம்புதலை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. கழுத்து முறிந்தால் விழுவது முகத்தில். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது: செய்யாதீர்கள்.

இதுவரை சொன்னது: அகல டயருக்கு இடைவெளி வேண்டும், அது சட்டத்தில் பிறவியிலேயே இருக்க வேண்டும். முரட்டு முள் நம் தரைக்குத் தேவையில்லை. ஷாக் அப்சார்பர் ஃபோர்க் வண்டியின் உடம்பையே கோணலாக்கும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால்

கியரைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகிறது? முன்பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். ரோடு சைக்கிளின் மிக லேசான கியர் பெரும்பாலும் முன்னே 34, பின்னே 28. சுற்றளவு 2.1 மீட்டர். ஒரு மிதிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர். மலை சைக்கிளில் முன்னே 32, பின்னே 50. ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்தான். மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறுவதற்கும் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம். மண்ணில் பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே ஏற வேண்டும் என்பதால் லேசான கியர் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பின்னே 34 பல் உள்ள சக்கரக் கட்டு வாங்கினால் ஒரு மிதி 2.1 மீட்டருக்கு வந்துவிடும். செயினை ஏற்றி இறக்கும் பின்கியர் கருவி அந்த அளவைத் தாங்குமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி, கடலூர் சுற்றுவட்டத்துக்கு இதுவே ஜாஸ்தி. கல்வராயன் மலை ஏறப்போகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும்.

பிரேக்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், நனைந்த செம்மண் ரிம்மில் ஒட்டினால் உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான். சத்தமும் அப்படியே கேட்கும். நிற்பதும் தாமதம், ரிம்மும் தேயும். மழைக்காலத்தில் மண்ணுக்கு எடுக்காமல் இருப்பதே மலிவான வழி. ஒரு கடையில் "டிஸ்க் பிரேக் வெல்டு பண்ணி மாட்டிடலாம்" என்றார்கள். அலுமினியச் சட்டம் உலையில் வைத்துப் பதம் ஏற்றப்பட்டது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பிரேக் பிடிக்கும்போது முழு விசையும் விழப்போவது அதே இடத்தில். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சீமைக் கருவேல முள்

நம் ஊரில் மண்பாதையின் முதல் எதிரி கல்லும் இல்லை, சேறும் இல்லை. சீமைக் கருவேலமும் நெருஞ்சியும். ஏரிக்கரைப் பக்கம் வேலி வெட்டிப் போட்ட மறுநாள் போனால் ஒரே தடவையில் மூன்று பஞ்சர் நிச்சயம்.

இதற்கு டியூப்லெஸ் நல்ல வழி. டியூபே இல்லாமல் டயரும் ரிம்மும் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ள, உள்ளே கொஞ்சம் ரப்பர்ப் பால் போன்ற திரவம். முள் குத்தினால் அது ஓடி வந்து ஓட்டையில் உறைந்துவிடும். டியூப் இல்லை என்பதால் பாம்புக்கடியும் இல்லை. இரண்டு நிபந்தனை: ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு அந்தத் திரவம் சீக்கிரம் காய்வதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரிம் தோதுப்படவில்லை என்றால், டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கிற தடிமனான பிளாஸ்டிக் பட்டி உண்டு. கொஞ்சம் கனம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

தம்பி வண்டியில் எவ்வளவு ஏறியது

காதுகுத்து முடிந்த மறுநாள் காலை அவன் சைக்கிளைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டு ஆலன் கீயோடு உட்கார்ந்தோம். டிஸ்க் பிரேக் வண்டி. முன்பக்கம் தாராளம். பின்பக்கம்தான் இழுபறி: 25 டயரோடு ஒரு பக்கம் 8 நுழைந்தது, மறுபக்கம் 7தான். சக்கரம் லேசாகக் கோட்டமாக இருந்ததைக் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்த பிறகு இரண்டு பக்கமும் ஏழரை என்று சமமாயிற்று. முன்னால் 35, பின்னால் 30 என்று முடிவு செய்தோம். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. முன்சக்கரத்தில்தான் பிடிமானம் அதிகம் வேண்டும். முன்னே வழுக்கினால் விழுவீர்கள், பின்னே வழுக்கினால் சமாளிக்கலாம். காற்று முன்னால் 40, பின்னால் 55 பி.எஸ்.ஐ. அவன் 60 கிலோ ஆள். அதைவிடக் கனமானவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு கேப்பர் மலைக்குப் போனோம். அவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்று டயரைக் கட்டை விரலால் அமுக்கி, "காத்து இறங்கிடுச்சு அண்ணே" என்று கொண்டிருந்தான். இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னேன். தோப்பு ஏற்றத்தில் கியர் தீர்ந்து இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு பெரியவர் கேரியரில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு கறுப்பு சைக்கிளில் இறங்கி வந்தார். சரளையில் வண்டி அசையக்கூட இல்லை. தம்பி வண்டியைப் பிடித்தபடியே குனிந்து, போகிற சக்கரத்தின் விலாவைப் படிக்கப் பார்த்தான்.

"என்னப்பா, பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே போனார் பெரியவர்.